மறதி வந்தவர் போட்ட கையெழுத்து செல்லுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் இருபது வருஷத்துக்கு மேலாக சிவில் வழக்கு நடத்துகிறேன். ஓசூர், சூளகிரி பக்கம் நிலத்தின் விலை ஏற ஏற, வயதானவர்களிடம் வாங்கிய கையெழுத்தைப் பற்றிய வழக்குகளும் ஏறிக்கொண்டே போகின்றன. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். வீட்டில் ஒருவருக்கு மறதி, மனநோய், பக்கவாதம் என்று ஏதோ ஒன்று வந்துவிட்டது, அவர் போட்ட கையெழுத்து, இனி போடப்போகிற கையெழுத்து சட்டப்படி நிற்குமா? அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: மேடம், எங்கப்பாவுக்கு 78 வயசு. இரண்டு வருஷமாக மறதி. காலையில் தோட்டத்துக்குப் போய் வருவார், நன்றாகப் பேசுவார், சாயங்காலம் ஆனால் செத்துப்போன எங்கம்மாவை எங்கே என்று கேட்பார். தை மாதம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் அண்ணன் அப்பாவைக் காரில் கூட்டிக்கொண்டு போய் மூன்று ஏக்கர் மாந்தோப்பையும் தன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொண்டார். வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அப்பாவைக் கேட்டால் ‘பென்ஷனுக்குக் கைரேகை வைச்சேன்’ என்கிறார். அந்தப் பத்திரம் செல்லுமா?
— காவேரிப்பட்டணம் பக்கமிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிற ‘ஒன்பதாம் நாள்’தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 12-ஆம் பிரிவில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எழுதிக் கொடுத்த அந்த நேரத்தில், எழுதிக் கொடுப்பது என்னவென்று புரிந்து, அதனால் தனக்கு என்ன லாபம் என்ன நஷ்டம் என்று யோசித்து முடிவெடுக்கிற நிலையில் அவர் இருந்தாரா? நோய்க்கு என்ன பேர், வயசு என்ன என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்கவில்லை. பொதுவாகத் தெளிவு இல்லாதவர் தெளிவாக இருக்கிற வேளையில் எழுதிக் கொடுத்தால் செல்லும், பொதுவாகத் தெளிவாக இருப்பவர் ஜுரத்தில் பிதற்றிக்கொண்டிருக்கும்போது எழுதிக் கொடுத்தால் செல்லாது, இரண்டையும் அந்தப் பிரிவே சொல்லிவிடுகிறது. ஆகவே ‘மறதி நோய் இருக்கு, பத்திரம் செல்லாது’ என்று நீங்கள் சொன்னாலும் போதாது, ‘ரிஜிஸ்டர் ஆகிவிட்டது, இனி அசைக்க முடியாது’ என்று அண்ணன் சொன்னாலும் போதாது.

இப்போது அந்த ஒன்பதாம் நாளுக்கு வருகிறேன். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, அதுவும் ஏற்கெனவே மறதி இருப்பவர்களுக்கு, சில நாள் முதல் சில வாரம் வரை குழப்ப நிலை வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். டெலிரியம் என்பார்கள். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, வலி மாத்திரை, தூக்கம் கெடுவது எல்லாம் இதைக் கிளப்பிவிடும். ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசுவார், அடுத்த மணி நேரம் எதிரில் இருப்பது யார் என்று தெரியாது. அதனால் அந்த இரண்டு வாரத்துக் காகிதம் ஒவ்வொன்றும் உங்களுக்கு வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, நர்ஸுகள் எழுதிய குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, மறதிக்கு ஏற்கெனவே பார்த்த டாக்டரின் ஓ.பி. சீட்டு என்று ஒன்று விடாமல் கேட்டு வாங்குங்கள். மூளை ஸ்கேனை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள். மூளை சுருங்கியிருக்கிறது என்று அது சொல்லும், அன்றைக்கு அவருக்குப் பத்திரம் புரிந்ததா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

அப்பா இன்று ‘பென்ஷனுக்கு’ என்று சொல்வது மனசைப் பிசைகிறது, ஆனால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? அன்றைக்குப் புரிந்துதான் வைத்தார், மறதியால் இன்றைக்கு மறந்துவிட்டார் என்பார். அது நியாயமான வாதம்தான். அதனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதைத் தேடுங்கள். காரில் யார் யார் போனார்கள், சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் யார், பத்திர எழுத்தருக்கு விவரம் சொன்னது அப்பாவா அண்ணனா, படித்துக் காட்டினார்களா, அப்பா காரைவிட்டு இறங்கினாரா. பதிவுச் சட்டம் 35-ஆம் பிரிவின்படி எழுதிக் கொடுப்பவர் மனநிலை சரியில்லாதவர் என்று சார்பதிவாளருக்குத் தோன்றினால் பதிவை மறுத்தே ஆக வேண்டும். நடப்பு வேறு. ஒருமுறை ஒரு பதிவு அலுவலகத்தில் என் கண் முன்னால் நடந்தது. பெரியவரிடம் ‘பேரு என்ன? கையெழுத்து உங்களுதுதானா? சம்மதம்தானே?’ என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் தலையாட்டினார். அரை நிமிஷத்தில் முடிந்தது. வெளியில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் பக்கத்தில் இருந்த என்னிடம் ‘டோக்கன் எப்பம்மா குடுப்பாங்க?’ என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆமாம் என்று தலையாட்டியதைப் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொள்கிறார்களே என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

வழக்குக்கு இன்னொரு கதவும் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, வயதாலோ நோயாலோ மனத்திறன் குறைந்தவரிடமிருந்து எழுதி வாங்கினவரை, அவர் மீது ஆதிக்கம் செலுத்தக்கூடிய நிலையில் இருந்தவர் என்றே பார்க்கிறது. பத்திரமும் அநியாயமாகத் தெரிந்தால், நேர்மையாகத்தான் வாங்கினேன் என்று நிரூபிக்கிற பொறுப்பு அண்ணன் தலைக்குப் போகும். அப்பாவால் வழக்கு போட முடியாத நிலை என்றால் அவருக்காக நீங்கள் வழக்கு நண்பராக இருந்து போடலாம். கோர்ட் முதலில் அவர் நிலையை விசாரிக்கும். பத்திர விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் என்று கெடு வைத்துக்கொண்டு இறங்குங்கள். தோப்பு பூர்விகச் சொத்தா, அப்பா சம்பாதித்ததா என்பதையும் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பூர்விகமானால் மகள் என்ற முறையில் உங்கள் பங்கு தனி, அதை அப்பா முழுத் தெளிவோடு இருந்தாலும் அண்ணனுக்குக் கொடுத்துவிட முடியாது.

ஒன்றே ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். ‘அண்ணன் கூட்டிப்போய் எழுதி வாங்கினான், நானும் கூட்டிப்போய் ரத்துப் பத்திரம் எழுதி வாங்கறேன்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். செட்டில்மெண்ட் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் ஒருவராகப் போய் ரத்து செய்துவிட முடியாது, அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, தை மாதம் புரியாத மனிதருக்கு வைகாசியில் மட்டும் எப்படிப் புரிந்தது என்று கேட்டு உங்கள் வழக்கை உங்கள் கையாலேயே முடித்துவிடுவார்கள்.

அப்புறம், வழக்கு இருக்கட்டும், அப்பாவை ஒருமுறை முழுசாகப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, தொற்று, சில மாத்திரைகள் ஆகியவற்றால் வருகிற மறதி சரிசெய்யக்கூடியது.

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 81. எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். வீட்டில் தெலுங்கு பேசுவோம். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி புத்தி கூர்மை. வீட்டை, தன்னைப் பார்த்துக்கொள்கிற கடைசித் தங்கைக்கு உயில் எழுத ஆசைப்படுகிறார். எனக்குச் சம்மதம். ஆனால் தம்பிகள் இப்போதே ‘கிழவிக்குப் புத்தி போயிடுச்சு’ என்று ஊரில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் சர்டிபிகேட் வாங்கினால் போதுமா?
— ஓசூர் பக்கமிருந்து ஒரு வாசகர்

பதில்: உயிலுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பதிவுகூடக் கட்டாயம் இல்லை. 1925 வாரிசுரிமைச் சட்டம் 59-ஆம் பிரிவு, காது கேளாதவர், பேச முடியாதவர், பார்வையில்லாதவர் என எவரானாலும் தான் செய்வது இன்னதென்று தெரிந்திருந்தால் உயில் எழுதலாம் என்கிறது. கைநாட்டும் தடை இல்லை. இரண்டு சாட்சி அவசியம்.

ஆனால் உங்கள் வீட்டு நிலவரத்தில் வெறும் சட்டத் தேவையோடு நிறுத்தக் கூடாது. உயில் விஷயத்தில், அதை வைத்துச் சொத்து கேட்பவர்தான் அது உண்மை என்று நிரூபிக்க வேண்டும், சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அந்தச் சந்தேகத்தையும் அவர்தான் போக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் தங்கைதான் பார்த்துக்கொள்கிறவர், அவருக்குத்தான் வீடு, அவரே எல்லா ஏற்பாடும் செய்து கூடவே நின்றார் என்றால் அதுவே சந்தேகமாகப் பேசப்படும். அதனால் பத்திர எழுத்தரைப் பார்ப்பது, டாக்டரைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் நீங்களோ வேறு ஒருவரோ போங்கள், அம்மா பேசுகிற நேரத்தில் தங்கை அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

சர்டிபிகேட்டைப் பற்றி என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். பர்கூர் பக்கம் ஒரு பாட்டி, 84 வயசு. டாக்டர் முப்பது மார்க் ஞாபகப் பரிசோதனை வைத்தார். இன்றைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா என்றெல்லாம் கேட்பார்களே, அது. பள்ளிக்கூடமே போகாத பாட்டி அதில் பாதி மார்க்கூட வாங்கவில்லை. ‘தகுதி இல்லை’ என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். நான், ‘சார், அவங்க தோட்டத்தைப் பத்திக் கேளுங்க’ என்றேன். கேட்டார். தோத்தாபுரி எத்தனை மரம், நீலம் எத்தனை மரம், அந்த வருஷம் குத்தகை எவ்வளவு, மண்டிக்காரர் இன்னும் எவ்வளவு தர வேண்டும், பாட்டி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அதுவும் போதாது, தோட்டம் தெரிவது வேறு, எழுதிக் கொடுப்பதன் விளைவு தெரிவது வேறு. டாக்டர் நல்ல மனிதர், அவருக்கே அடுத்த கேள்வி தோன்றியது. ‘மகளுக்கு எழுதிட்டா பையனுங்க என்ன சொல்லுவாங்க பாட்டி?’ பாட்டி சொன்னார்: ‘சண்டைக்கு வருவானுங்க. வரட்டும். டவுன்ல வூடு கட்டச் சொல்லி நகையெல்லாம் அவனுங்களுக்குத்தானே குடுத்தேன். இவளுக்கு என்ன குடுத்தேன்?’ 

தன்னிடம் என்ன சொத்து இருக்கிறது, யார் யாருக்கு அதில் எதிர்பார்ப்பு இருக்கிறது, ஏன் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை, எல்லாம் அந்தப் பதிலில் இருக்கிறது. டாக்டர் அதைப் பாட்டி சொன்ன வார்த்தையிலேயே எழுதினார். பின்னால் பையன்கள் வழக்குப் போட்டபோது உயிலைக் காப்பாற்றியது அந்த நாலு வரிதான். ‘நல்ல மனநிலையில், சுயநினைவோடு இருக்கிறார்’ என்று அச்சடித்த மாதிரி ஒரு வரி எழுதி சீல் வைத்துத் தருகிறார்களே, அது என்னைக் கேட்டால் ஒன்றுக்கும் உதவாது. என்ன கேட்டார், அம்மா என்ன சொன்னார் என்பது இருக்க வேண்டும், தேதியும் நேரமும் இருக்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்குத் தெலுங்கு தெரிந்த டாக்டராகப் பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பெரியவர்களிடம் சுத்தத் தமிழில் பத்திர நடையில் கேள்வி கேட்டுவிட்டு ‘புரியவில்லை’ என்று எழுதுவது பெரிய அநியாயம். உயிலைத் தெலுங்கில் படித்துச் சொல்லி, சரி என்று ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தார் என்று பத்திரத்தின் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். காது மிஷின், மூக்குக் கண்ணாடி இரண்டும் போட்டிருக்கட்டும். சாப்பிட்டுத் தெளிவாக இருக்கிற காலை நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை உயிலிலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சாட்சிகள் அம்மாவைவிட வயதில் சின்னவர்களாக, நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்து சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும், டாக்டரே ஒரு சாட்சியாகக் கையெழுத்திட்டால் ரொம்ப நல்லது. பதிவும் செய்துவிடுங்கள். நடக்க முடியாவிட்டால் காரணம் சொல்லி விண்ணப்பித்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வர சட்டத்தில் வழி இருக்கிறது. வீடியோ எடுக்கலாம், ஆனால் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்த வீடியோ பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், அது தம்பிகளுக்குத்தான் உதவும்.

கேள்வி: என் தம்பிக்கு 34 வயசு. பத்து வருஷமாக மனச்சிதைவு நோய், மாத்திரையில் இருக்கிறான், புளி மண்டியில் வேலைக்கும் போகிறான். அப்பா இறந்த பிறகு நிலத்தை விற்கப் போகிறோம். ‘மெண்டல் கையெழுத்து செல்லாது, அவனை விட்டுட்டு நீங்க மட்டும் கிரயம் பண்ணுங்க’ என்கிறார் பெரியப்பா. சரியா?
— அரூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தப்பு தம்பி. முதலில் அந்த வார்த்தையே தப்பு, பெரியப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவனை விட்டுவிட்டுக் கிரயம் செய்தால் அவன் பங்கு எங்கேயும் போகாது, அவனிடமே இருக்கும், வாங்கினவர்தான் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவார்.

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிற 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவரை மனநிலை சரியில்லாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதைத் தகுந்த கோர்ட் அறிவிக்க வேண்டும் என்று சொல்கிறது. இங்கிலாந்தில் 1870-லேயே பேங்க்ஸ் என்பவரின் உயில் வழக்கில் இதுதான் தீர்ப்பு. செத்துப்போன ஒரு ஆள் தன்னைத் துரத்துகிறான், பேய் பிசாசு தொந்தரவு செய்கிறது என்று நம்பிய மனிதர் அவர். ஆனால் அந்த நம்பிக்கைக்கும் சொத்தை யாருக்குக் கொடுத்தார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை, ஆகவே உயில் செல்லும் என்றார்கள். இன்றுவரை நம் கோர்ட்டுகளிலும் பேசப்படுகிற தீர்ப்பு.

உங்கள் தம்பி விஷயத்தில் கேள்வி இவ்வளவுதான்: என்ன நிலம், என்ன விலை, தன் பங்குக்கு எவ்வளவு வரும், கையெழுத்துப் போட்டால் திரும்ப வராது என்பது அவனுக்குத் தெரிகிறதா? இதை அவனை வழக்கமாகப் பார்க்கிற மனநல மருத்துவர் பத்திரத்துக்கு ஓரிரு நாள் முன்னால் அவனிடம் தனியாகப் பேசி எழுதித் தரட்டும். நோய் தலைதூக்கியிருக்கிற நேரமானால் கிரயத்தைத் தள்ளிப்போடுங்கள். அவன் பங்குப் பணம் அவன் கணக்கிலேயே விழட்டும். குடும்பம் முழுக்க விற்கிற பக்கம் நிற்பதால் அவனுக்கென்று தனியாக ஒரு வக்கீல் இருந்தால் எல்லோருக்கும் பாதுகாப்பு. மனநோய் உள்ளவர்களுக்கு இலவச சட்ட உதவி உரிமை உண்டு, தர்மபுரி கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கும்போதே எனக்குப் பொது பவர் எழுதிக் கொடுத்தார். இப்போது பக்கவாதம் வந்து பேச்சு இல்லை. வைத்தியச் செலவுக்கு மனையை விற்கலாமா? அவர் உயிரோடு இருக்கும்வரை பவர் செல்லும் என்கிறார்கள்.
— பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உயிரோடு இருந்தால் மட்டும் போதாதம்மா. ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் மனநிலை இழந்தாலும் பவர் முடிந்துபோகிறது. இது தெரியாமல் எத்தனையோ பேர் அப்படி விற்றுச் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பேச்சு போனது வேறு, புரிதல் போனது வேறு. பக்கவாதத்தில் சிலருக்கு நாக்குதான் ஒத்துழைக்காது, உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கும். நீங்களே பாருங்கள். ‘மனையை விக்கலாமா?’ என்று கேளுங்கள், தலையாட்டினால் கொஞ்ச நேரம் கழித்து ‘மனையை விக்க வேணாம்தானே?’ என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது பதில் இல்லை. மாறாமல் ஒரே முடிவைக் காட்டினால், நரம்பியல் அல்லது மனநல மருத்துவரை வைத்து முறையாகச் சோதித்து, அவரே கைரேகை வைத்துப் பத்திரம் செய்ய வழி இருக்கிறது. பென்ஷன் எடுக்க மட்டும் என்றால் வங்கியிலேயே கைரேகையோ கால்விரல் ரேகையோ இரண்டு சாட்சிகள் முன்னால் பெற்றுக்கொள்ள ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது, சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருப்பார்.

புரிதலே இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி மனுப் போட வேண்டியதுதான். 2017 சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்கிற வழி இல்லாமல் போய்விட்டதால்தான் இந்த அலைச்சல். கேரள உயர் நீதிமன்றம் கோமாவில் இருப்பவர்களுக்காக 2019-ல் தெளிவான நடைமுறை வகுத்தது. கணவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெண் பென்னாகரத்திலிருந்து சென்னைக்குப் போய்த்தான் இதைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, சட்டம் மாற வேண்டும்.

கேள்வி: மகளுக்கு அறிவுசார் குறைபாடு. வரும் ஆவணியில் 18 முடிகிறது. அதற்குப் பிறகு நாங்கள் கையெழுத்துப் போட முடியாதாமே?
— பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: ஆமாம், 18 முடிந்தால் பெற்றோர் என்பதால் மட்டும் நீங்கள் காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் உங்களுக்குச் சென்னை அலைச்சல் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அதில் விண்ணப்பித்துச் சட்டப்படி காப்பாளர் ஆகலாம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் காப்பாளர் தேவையா என்பதையும் யோசியுங்கள். சொத்து, பெரிய தொகை இவற்றுக்கு வேண்டியிருக்கும். என்ன படிப்பது, எந்தத் தொழில் பழகுவது என்பதில் அவளுக்கென்று விருப்பம் இருக்கும், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அவளோடு கலந்து முடிவெடுப்பதைத்தான் சொல்கிறது. குழு முன்னால் போகும் நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களிடம் மட்டும் பேசிவிட்டு அனுப்பப் பார்த்தால், அவளிடமும் இரண்டு வார்த்தை கேளுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.